டார்ச் இருக்கும்போது கண்பாப்பாவை அளக்கத் தனிக் கருவி எதற்கு?

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவே விடவில்லை. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "தலையில் அடிபட்டு என் அண்ணன் ஐசியூவில் இருந்தபோது, நர்ஸ் அடிக்கடி வந்து கையடக்கமான ஒரு கருவியைக் கண்ணருகே வைத்து அளந்தார். டார்ச் அடித்துப் பார்ப்பதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். அது போதாதா? போன் கேமராவிலேயே இதைப் பார்க்க முடியாதா?"

போன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்தக் கருவியின் பெயர் பியூப்பிலோமீட்டர். கண் நடுவே கறுப்பாகத் தெரிகிற வட்டத்தை அளப்பது. நான் பாப்பா என்றே சொல்கிறேன், பழைய நேயர்களுக்குத் தெரியும். அடுத்தவர் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரியும் இல்லையா, அதுதான் பாவை, பாப்பா. பியூப்பில் என்ற சொல்லும் லத்தீனில் சின்னப் பொம்மையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததுதான். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

சரி, டார்ச் ஏன் போதாது? நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்தது. தலையில் அடிபட்ட ஒரு நோயாளி. சாயங்கால டியூட்டிக்காரர் "3 மில்லிமீட்டர், நன்றாகச் சுருங்குகிறது" என்று எழுதிவிட்டுப் போனார். இரவு 2 மணிக்கு நான் பார்த்து "4, மந்தம்" என்று எழுதினேன். உடனே சீனியருக்குப் போன். அவர் ஓடி வந்து, பார்த்துவிட்டு, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கித் தன் உள்ளங்கையில் அடித்தார். மஞ்சளாக ஒரு மினுக்கல். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. "மாறினது பாப்பாவா, டார்ச்சா?" என்றார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கருவி.

டார்ச்சுக்கு டார்ச் வெளிச்சம் வேறு, ஆளுக்கு ஆள் கண் வேறு. கருவியில் அப்படி இல்லை. கண்ணிலிருந்து ஒரே தூரம், ஒரே அளவு வெளிச்சம். அகச்சிவப்பு ஒளியில் நொடிக்கு 30-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும். அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதற்குப் பாப்பா சுருங்காது. அடர்ந்த பழுப்புக் கண்களில் பாப்பா எங்கே முடிகிறது என்று டார்ச்சில் தேட வேண்டியிருக்கும். அகச்சிவப்பில் அந்தப் பழுப்பு வெளிறிப்போய்ப் பாப்பா தனியாகத் தெரியும்.

அப்புறம், முன்பே பலமுறை சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன்: அளவை மட்டும் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். வெளிச்சம் பட்ட பிறகு சுருங்கத் தொடங்கவே சுமார் கால் நொடி ஆகும். அந்தத் தாமதம் எவ்வளவு, எத்தனை சதவீதம் சுருங்கியது, என்ன வேகம், திரும்ப விரிய எவ்வளவு நேரம் என்பதெல்லாம் வெறும் கண்ணுக்குச் சிக்காது. சில கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும். 3-க்குக் கீழே இறங்கினால் மந்தம். மார்ஃபின் மாதிரி கடுமையான வலி மருந்து கொடுத்தவருக்குப் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். டார்ச்சில் பார்த்தால் அசைவே இல்லாதது போலத் தோன்றும். கருவியில் அந்தச் சின்ன அசைவும் பதிவாகும்.

மூளை மருத்துவர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? பாப்பாவைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது மூளை நரம்பின் வெளிப்புறமாக ஓடுகின்றன. மூளை வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் முதலில் நசுங்குவது அவைதான். நேரத்துக்கு நேரம் எண் இறங்கிக்கொண்டே வந்தால், பாப்பா முழுசாக விரிந்து நிற்பதற்கு முன்பே மருத்துவர் உஷாராகிவிடலாம். அதற்காகக் கருவியே நோயைச் சொல்லிவிடும் என்று நினைக்காதீர்கள். கண்புரை அறுவை செய்த கண், சொட்டு மருந்து விட்ட கண், இமை வீங்கிய கண் எல்லாம் அதைக் குழப்பும்.

உண்மையில் நீங்கள் வேறொன்றைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்: வலது கண்ணில் வெளிச்சம் அடித்தால் இடது கண்ணும் ஏன் சுருங்குகிறது? ஒரு கண்ணிலிருந்து போகிற செய்தி நடுமூளையில் இரண்டு பக்கத்துக்கும் பிரிகிறது. அங்கிருந்து இரண்டு கண்ணுக்கும் கட்டளை வருகிறது. டார்ச்சை இந்தக் கண், அந்தக் கண் என்று மாற்றி மாற்றி அடிப்போம். பார்வை நரம்பு கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் பாப்பாக்கள் சுருங்குவதற்குப் பதிலாக இரண்டுமே விரியும்! கண் மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. இதற்கு நல்ல டார்ச் போதும். புது பேட்டரி போட்ட டார்ச்.

சரி, போன். செயலிகளை உருவாக்கிச் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அறை வெளிச்சம், பிடிக்கும் தூரம், ஃபிளாஷ் எல்லாம் போனுக்குப் போன் மாறும். என் பேட்டரி கதைதான் மறுபடியும். வீட்டில் பார்த்து நீங்களே முடிவெடுக்காதீர்கள். திடீரென்று ஒரு பாப்பா பெரிதாகி, கூடவே தலைவலியோ இமைச் சரிவோ இருந்தால் அளக்கவே வேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல், கண்ணாடியில் பார்த்து இரண்டும் லேசாக வித்தியாசமாக இருக்கிறதே என்று பயப்படுகிறீர்களா? ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். போனை அப்போது எடுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய உங்கள் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். அதிலும் அதே வித்தியாசம் இருந்தால், அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது அந்தப் படத்தையும் காட்டுங்கள்.