அதிக ஆழம் சொல்கிற கருவியைத்தான் எடுக்க வேண்டுமா?

நிலத்தடி நீரை வரைபடமாக்க ஹெலிகாப்டரில் மின்காந்த ஆய்வு செய்யப் போகிறோம், ஒரு நிறுவனம் 500 மீட்டர் ஆழம் தெரியும் என்கிறது, இன்னொன்று 250 என்கிறது, எங்களுக்கு வேண்டிய நீர்ப்படுகை 150 மீட்டருக்குள், எதை எடுப்பது என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

சரி, முதலில் அந்த 500-ஐ ஓரமாக வையுங்கள். அது தரையையும் பொறுத்த விஷயம், மேலேயே உப்புநீரோ கனமான களிமண்ணோ இருந்தால் எந்தக் கருவியின் சிக்னலும் பாதியில் அடங்கிவிடும். நான் கேட்பது வேறு: கரண்டை நிறுத்திய பிறகு நம்பக்கூடிய முதல் ரீடிங் எத்தனை மைக்ரோ செகண்டில் வருகிறது? ஏனென்றால் ட்ரான்ஸ்மிட்டர் சுருளில் கரண்டைச் சட்டென்று நிறுத்தும்போது தரைக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, நேரம் போகப் போகக் கீழே இறங்குகிறது; மின்தடை 100 ஓம்-மீட்டர் (தரை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) உள்ள தரையில் 10 மைக்ரோ செகண்டில் சுமார் 40 மீட்டர், 100 மைக்ரோ செகண்டில் சுமார் 125 மீட்டர். முதல் ரீடிங்கே 100-இல்தான் என்றால், உங்களுக்கு வேண்டிய 150 மீட்டரில் பெரும்பகுதி ஒரே பட்டையாகக் கலங்கிப்போகும்.

ஆழம் பார்க்க வேண்டிய பெரிய கரண்டை அவ்வளவு வேகமாக நிறுத்தவும் முடியாது, அதுதான் சிக்கல். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்காகவே உருவான ஸ்கைடெம் என்ற ஹெலிகாப்டர் கருவி, ஒரே பறப்பில் சின்னக் கரண்டையும் பெரிய கரண்டையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது, முன்னது மேல் அடுக்குகளுக்கு, பின்னது ஆழத்துக்கு.

அப்புறம் கலிபரேஷன், அதாவது கருவி காட்டும் எண் சரிதானா என்று பார்த்து நேர்செய்வது. தாது தேடுகிறவருக்குச் சுற்றியிருப்பதிலிருந்து ஓர் இடம் தனித்துத் தெரிந்தாலே பெரும்பாலும் போதும், நமக்கோ மணலா களிமண்ணா என்று பிரிக்க வேண்டும், இரண்டின் மின்தடைக்கும் சில மடங்குதான் வித்தியாசம், எண் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் பொய் சொல்லும்.

சில பத்து மீட்டர் போதுமென்றால் கரண்டை நிறுத்தாமல் சில அதிர்வெண்களில் தொடர்ந்து அனுப்பி அளக்கும் அதிர்வெண் வகைக் கருவியே போதும். விமானத்தில் பொருத்தியது மிகப் பெரிய பரப்புக்குச் செலவு குறைவு, ஆனால் உயரத்தில் பறப்பதால் மேல் அடுக்குகளின் நுணுக்கம் மங்கும். மின்கம்பிகளுக்கு அருகே எடுத்த டேட்டாவை எந்தக் கருவியானாலும் வெட்டித்தான் எறிய வேண்டும்.

களிமண்ணும் உப்புநீரும் படத்தில் ஒரே மாதிரி குறைந்த மின்தடையாகத் தெரியும் என்பதால், பறப்பதற்கு முன்பே பகுதியின் போர்வெல் லாக்குகளை, அதாவது துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன அடுக்கு வந்தது என்ற பதிவுகளை, திரட்டி வையுங்கள். ஒப்பந்தத்தில் கலர் படத்தோடு மூல டேட்டாவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேறொருவர் மறுபடி இன்வர்ஷன் (ரீடிங்குகளிலிருந்து தரையின் அடுக்குகளைக் கணக்கிடுவது) செய்து பார்க்க அது கட்டாயம் வேண்டும்.