பிப்ரவரி 30-க்கு ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். வரலாற்றை மனதில் நிறுத்துவது பெரிய நிகழ்வுகளா, வேடிக்கைத் துணுக்குகளா என்பது இன்றைய தலைப்பு. நான் துணுக்குகள் பக்கம். துணுக்கு சிரிக்க வைக்கும், அதோடு சரி, காரணகாரியம் எதுவும் அதில் கிடையாது என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு நாளைக் காட்டுகிறேன்: 1712, பிப்ரவரி 30.

வாய் தவறிச் சொல்லவில்லை, முப்பதேதான். ஸ்வீடனில் அந்த ஆண்டுக்கு அச்சடித்த பஞ்சாங்கத்தில் பிப்ரவரிப் பக்கத்தைப் பார்த்தால் 28, 29, அதற்கும் கீழே 30 என்று இருக்கிறது. மார்ச் 1 அதற்கு மறுநாள்தான்.

சிரிப்பு வருகிறது இல்லையா? சிரித்த கையோடு 'ஏன் அப்படி?' என்று கேட்கிறோமே, அங்கேதான் வரலாறு உள்ளே வருகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு ஒத்துப்போகவில்லை என்று 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி பத்து நாட்களை வெட்டினார். போப் சொன்னது என்பதாலேயே புராட்டஸ்டண்ட் நாடுகள் பல இழுத்தடித்தன. 1700-ல் வித்தியாசம் 11 நாளாகிவிட்டது. டென்மார்க் அதை ஒரே தாவலில் தாண்டியது. ஸ்வீடன் மட்டும், 1740 வரை வருகிற பதினொரு பிப்ரவரி 29-களையும் விட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லாமல் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டது. 1700-ல் சொன்னபடியே விட்டார்கள். ஆனால் அதே ஆண்டு ரஷ்யா முதலிய நாடுகளோடு பெரும் வடக்குப் போர் மூண்டது, போர் அமளியில் 1704-லும் 1708-லும் பிப்ரவரி 29 வழக்கம்போல வந்துபோனது!

பெரிய நிகழ்வுக்கு உதாரணமாக நண்பர் சொன்னாரே, ரஷ்யாவின் பீட்டர் மன்னர் ஸ்வீடனை முறியடித்த பொல்தாவா போர், அது 1709-ல் நடந்தது. தேதியை அவர் சொல்லவில்லை. சொல்வதும் கஷ்டம்தான், ஏனென்றால் அந்த ஒரே நாள் ரஷ்யர்களுக்கு ஜூன் 27, ஸ்வீடன்காரர்களுக்கு ஜூன் 28, கிரெகோரியன் கணக்கில் ஜூலை 8. உலகத்தில் யாரோடும் சேராத தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாடு போருக்குப் போயிருக்கிறது.

அப்புறம் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், பழைய ஜூலியனுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார். அப்படியென்றால் 1700-ல் விட்ட ஒரு நாளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1712 லீப் ஆண்டு, 29 ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் 30! டென்மார்க் தாவிய அதே தாவலை 1753-ல் ஸ்வீடனும் தாவியது, பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1.

மதம், போர், வானியல் மூன்றும் ஒரே தேதிக்குள் இருக்கின்றன. பொல்தாவாவை நான் தேடிப் படித்ததே இந்தத் துணுக்கைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்த பிப்ரவரி 30-ல் பிறந்த குழந்தைக்கு அடுத்த பிறந்தநாள் எப்போது? ஒரு வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள் நடுவர் அவர்களே, மணி அடித்தாலும் ஒரு பிள்ளை எழுந்து போகாது. நன்றி, வணக்கம்.