வீரரைச் சேர்க்கும் பணம், வீரரைத் தக்கவைக்கும் பணம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தோள்கவசமும் தலைக்கவசமும் அணிந்து ஆடப்படும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைக் காண, மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் ஒரே ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள். புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் எலும்பு முறிய ஆடிய மாணவருக்குப் படிப்புச் செலவும் உணவும் தங்குமிடமும் சிறு படித்தொகையும் போதும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு எதிராக, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்த பத்தாம் நாள், அதாவது 2021 ஜூலை 1 அன்று, வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பர வருமானம் ஈட்டலாம் என்று அந்த அமைப்பு இறங்கிவந்தது. இந்த உரிமை நியாயமானது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அது வீரர்களின் கைக்கு வந்து சேர்ந்த விதத்தைத்தான் குறை கூறுகிறேன்.

கடை விளம்பரத்தில் தோன்றிப் பணம் பெறுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், பழைய மாணவர்களும் செல்வந்த ரசிகர்களும் சேர்ந்து நிதி திரட்டும் 'கலெக்டிவ்' என்ற குழுக்கள் முளைத்தன. ஒரு கல்லூரியில் சேர்வதற்கான தூண்டுகோலாகப் பணம் தரக் கூடாது என்று விதி சொன்னது. நடைமுறையில் அதுவே தூண்டுகோலாயிற்று. கலிபோர்னியப் பள்ளி மாணவரான ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்), 2022இல் மயாமி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்த வாக்கை மாற்றி புளோரிடா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அவருக்குப் பேசப்பட்ட தொகை 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அந்தப் பணம் வரவில்லை. அவர் புளோரிடாவுக்கு ஆடாமலேயே விலகி அரிசோனா ஸ்டேட் சென்றார். 2024இல் புளோரிடாவின் பயிற்சியாளர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் ஒரு பிள்ளை கோடிகளை நம்பி ஊரையும் கல்லூரியையும் முடிவு செய்ய, அந்த வாக்குறுதிக்குப் பல்கலைக்கழகம் சட்டப்படி பொறுப்பேற்காத நிலை இருந்தது என்பதே எனக்குப் பெரும் வேதனை.

சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது இன்று கடினமாகிவிட்டது. முன்பெல்லாம் கல்லூரி மாறுகிற கால்பந்து வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அந்தக் கட்டாயம் 2021இல் முதல் மாற்றத்துக்கு நீங்கியது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி உள்ளவர்கள் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. விளம்பரப் பணமும் இடமாற்றச் சுதந்திரமும் ஒரே ஆண்டில் வந்ததால், பயிற்சியாளர் தம் அணியில் இருப்பவரையே ஆண்டுதோறும் புதியவரை அழைப்பதுபோல் பேசி இருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2024 செப்டம்பரில், மூன்று ஆட்டங்களிலும் வென்றிருந்த நெவாடா லாஸ் வேகஸ் அணியிலிருந்து, சொன்ன சொல் காக்கப்படவில்லை என்று கூறி குவார்ட்டர்பேக் மாத்யூ ஸ்லூக்கா பருவத்தின் நடுவிலேயே விலகினார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் அந்த ஆண்டின் ஆடும் தகுதியை இழப்பதில்லை என்ற விதி அவருக்குக் கைகொடுத்தது. மறு ஆண்டு ஏப்ரலில், டென்னசியை சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று வரை கொண்டுசென்ற குவார்ட்டர்பேக் நீக்கோ இயாமலேயாவா, ஊதியப் பேச்சு முறிந்து கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார்.

தக்கவைப்பதில் பணம் என்ன சாதிக்கும் என்பதற்கு ஒஹையோ ஸ்டேட்டைப் பார்க்கலாம். 2024 அணிக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் செலவாயிற்று என்று அதன் விளையாட்டு இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். அதில் பெரும் பயன், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கக்கூடிய எமேக்கா எக்புக்கா, ஜாக் சாயர், டிரெவியான் ஹெண்டர்சன் போன்றோர் இன்னும் ஓராண்டு தங்கியது. அவர்களோடு அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸும் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹாவர்டும் வந்து சேர, 2025 ஜனவரியில் அந்த அணி நோட்டர் டேமை வென்று சாம்பியனாயிற்று.

சிறிய கல்லூரிகளுக்கு இந்த வசதி இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாத கேம் வார்டு என்ற குவார்ட்டர்பேக்குக்கு டெக்சாசின் இன்கார்னேட் வேர்ட் பல்கலைக்கழகம் இடம் தந்தது. அவர் வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மயாமிக்குச் சென்று, என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2025 'டிராஃப்ட்' நிகழ்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். அவர் உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் உலகக் கால்பந்தில், ஒப்பந்தக் காலத்தில் கைமாறும் வீரரின் விலையில் அவரை இளமையில் வளர்த்த கிளப்களுக்கு ஒரு பங்கு போகிறது. இங்கே அப்படியொரு பொது ஏற்பாடு இல்லை.

2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் பெற்ற, வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டால், ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டான 2025-26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம் என்றாயிற்று. 600 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வெளி ஒப்பந்தங்கள் சரிபார்க்கப்படும் என்றும் ஆயிற்று. இதை வரவேற்கிறேன், ஆயினும் இது போதாது. என்.எஃப்.எல்.லின் ஊதிய உச்சவரம்பு நிலைப்பதற்குக் காரணம், அதை வீரர்களின் சங்கம் பேசி ஏற்றுக் கையெழுத்திட்டிருப்பதுதான். கல்லூரிகளோ வீரர்களை ஊழியர்களாக ஏற்க மறுக்கின்றன. ஆதலால் அவை போடும் வரம்பு ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் தாக்குதலுக்கு உள்ளாகிறது. எனவே வீரர்களின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசி, ஈராண்டுக்குக் குறையாத ஒப்பந்தம், பணம் தரும் தேதி, காயமடைந்தாலும் குறையாத தொகை, இடையில் விலகினால் முந்தைய கல்லூரிக்குச் சேரவேண்டிய ஈடு ஆகியவற்றை எழுத்தில் வைக்குமாறு பல்கலைக்கழகங்களை நான் வலியுறுத்துகிறேன்.