ஊர் மந்தையில் கோல்ஃப்: ஸ்காட்லாந்தில் யார் வேண்டுமானாலும் போய் ஆடக்கூடிய மைதானங்கள்

[காட்சி: கடலை ஒட்டிய புல்வெளி. நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி நடந்து போகிறார்.]

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உலகத்திலேயே பேர்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸ் கண்ணெதிரே கிடக்கிறது, அதில் ஒரு ஆள்கூட கோல்ஃப் ஆடவில்லை. நாயோடு ஒரு பாட்டி. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கமிருந்து வரும் பையன்கள். எல்லோரும் புல்லின் மேலேயே நடக்கிறார்கள், விசில் ஊதி விரட்ட யாரும் வரவில்லை.

"மாமா, ஞாயித்துக்கிழமை இது பார்க். நாளைக்குத்தான் கோல்ஃப்" என்றான் அக்கா மகன்.

வணக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். மாங்கூழ் வியாபாரம் என் தொழில். அதற்கு முன்னால் ஓசூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு வருடம் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவனாக இருந்தேன். மற்றவர்களின் பையைத் தூக்கித் தூக்கித்தான் ஆட்டம் பழகியது. வியாபார விஷயமாக இங்கிலாந்து போனபோது, டண்டீயில் படிக்கும் அக்கா மகனைச் சாக்காக வைத்து ஸ்காட்லாந்துக்கும் ஏறிவிட்டேன். அங்கே கிழக்குக் கரையில் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடக்கூடிய மைதானங்களில் எது நமக்கு ஏற்றது என்பதுதான் இன்றைய பேச்சு.

[காட்சி: கிராமத்து மேய்ச்சல் நிலம். ஆடுகள். தூரத்தில் மாந்தோப்பு.]

அதற்கு முன்னால் 'பொது' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் நாட்டில் கோல்ஃப் என்றாலே கிளப். பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-இல் தொடங்கியது. இத்தனை பழமை இருந்தும், உறுப்பினர் அல்லாதவர் நேரே உள்ளே போய் ஆடும் பழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை. டெல்லியில் லாடோ சராயில் வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் மைதானம் மாதிரி ஒன்றிரண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. உங்கள் கிராமத்து அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வரி இருக்கும். யார் பெயரிலும் பட்டா இல்லை, ஊர் ஆடுமாடு மேய்வதற்கான இடம். கோல்ஃப் பிறந்தது அந்த மாதிரி நிலத்தில்தான். கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடாக, பயிர் வைக்க லாயக்கில்லாமல் கிடக்கும் நிலத்தை அங்கே 'லிங்க்ஸ்' என்கிறார்கள். ஆடு மேயும், முயல் வளை தோண்டும். மழைத்தண்ணீர் உடனே மணலில் இறங்கிவிடும், அதனால் புல் குட்டையாகவும் தரை இறுக்கமாகவும் இருக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, துள்ளி ஓடும். கடல் காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துக் குழிவிழுந்த இடங்கள்தான் முதல் பங்கர்கள், அதாவது பந்து சிக்கிக்கொள்ளும் மணல்குழிகள் என்று சொல்வார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: "ஆடு மேய்ச்ச இடத்துல பந்து தட்டவாடா அவ்வளவு தூரம் போனே?"

ஆமாம், அதற்குத்தான் போனேன்.

[காட்சி: பழைய வரைபடம். முயல்கள்.]

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர் லிங்க்ஸ் நிலத்தில் கோல்ஃப் ஆடும் உரிமை உண்டு என்பதை 1552-இலேயே பேராயர் ஹாமில்டன் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு ஊராட்சிக்குக் கடன் முற்றி, 1797-இல் நிலம் கைமாறியது. எடுத்தவர்கள் முயல் பண்ணை வைத்தார்கள். ஆடுகிற இடமெல்லாம் வளை. ஊர்க்காரர்கள் முயலை அடிக்கக் கிளம்பினார்கள், வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக ஊரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1974 முதல் லிங்க்ஸ் அறக்கட்டளை ஒன்று நிர்வகிக்கிறது. முதல் டீக்கு, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கிறதே ஒரு கல் கட்டடம், அது ஆர் அண்ட் ஏ என்ற கோல்ஃப் கிளப்புடையது. பலர் மைதானமும் அவர்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது, கட்டடம் மட்டும்தான் அவர்களுடையது. மைதானம் ஊருடையது.

நிலம் ஊருடையது என்பதால் வரும் வேடிக்கைகளும் உண்டு. டீயிலிருந்து குழி வரை ஆடும் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஹோல். முதல் ஹோலையும் கடைசி ஹோலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தெரு போகிறது. கிரானி கிளார்க்ஸ் வைண்ட் என்று பெயர். கடற்கரைக்குப் போகிறவர்கள் அதில் நடந்து போகிறார்கள். பல்லாயிரம் ரூபாய் கட்டிவிட்டு மட்டையோடு நிற்பவர், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போகும் பையன் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். நான் அரை மணி நேரம் அங்கேயே நின்று இதை ரசித்தேன்.

[காட்சி: ஓல்டு கோர்ஸ், மேலிருந்து.]

சரி, மைதானங்களுக்கு வருவோம். முதலில் ஓல்டு கோர்ஸ். கோல்ஃபில் 18 ஹோல் என்பதே இங்கிருந்து வந்த கணக்குதான். ஆதியில் ஒரு சுற்றுக்கு 22. 1764-இல் முதல் நான்கு ஹோலை இரண்டாக்கினார்கள். போகும்போதும் வரும்போதும் அதே பாதை என்பதால் நான்கு குறைந்து 18 ஆனது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். இன்றும் ஏழு கிரீன்கள் இரட்டை கிரீன்கள். ஒரே கிரீனில் இரண்டு கொடிகள், போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் அங்கே சந்திக்கும். இரண்டு கொடிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2-ம் 16-ம், 5-ம் 13-ம், இப்படி. 17-ஆவது ஹோலில் கிரீனுக்குப் பின்னால் ஒரு தார்ச்சாலை, அதற்கும் பின்னால் மதில். பந்து சாலையில் விழுந்தால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும், விலக்கு கிடையாது.

ஆனால் உள்ளே நுழைவதுதான் பாடு. சீசனில் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல், நம் காசில் 30,000 ரூபாயைத் தாண்டும். ஹேண்டிகேப் சான்றும், அதாவது நம் ஆட்டத்திறனைச் சொல்லும் எண்ணுக்கான சான்றும் காட்ட வேண்டும். அதன்பின் குலுக்கல். இரண்டு பேருக்குக் குறையாத குழுவாக இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்தால், வந்தாலும் வரும். தனியாளுக்கு முன்பெல்லாம் விடியுமுன் வரிசை, சிலர் இரவே வந்து போர்வையோடு உட்கார்ந்திருப்பார்களாம். 2024 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. நான் மூன்று நாள் பெயர் கொடுத்தேன். மூன்று நாளும் இல்லை.

ஆகவே ஓல்டு கோர்ஸில் நான் நடந்தேன், ஆடவில்லை. கேடியாக இருந்தவனுக்கு நடந்து பார்த்தாலே பாதி ஆட்டம் தெரிந்துவிடும். 112 பங்கர் என்கிறார்கள். டீயில் நின்று பார்த்தால் பாதி கண்ணுக்கே படாது.

என் சிபாரிசு பக்கத்திலேயே இருக்கும் நியூ கோர்ஸ். பெயர்தான் நியூ, திறந்தது 1895. ஓல்டு கோர்ஸைப் பேணி வளர்த்த அதே ஓல்டு டாம் மோரிஸ் வகுத்துத் தந்தது. அதே மணல், அதே கடல் காற்று, இரட்டை கிரீன்கூட ஒன்று உண்டு. கட்டணம் பாதிக்கும் குறைவு. அல்போன்சாவுக்கு இருக்கும் பேரும் விலையும் செந்தூராவுக்குக் கிடையாது. ஆனால் கிருஷ்ணகிரிக்காரன் வீட்டுக்கு எதை வாங்கிப் போவான் என்று நமக்குத் தெரியுமே, அந்தக் கதைதான். உள்ளூர்க்காரர்களும் இங்கேதான் அதிகம் ஆடுகிறார்கள் என்று என்னோடு சேர்ந்து ஆடிய பெரியவர் சொன்னார். நான் இரண்டு பந்து தொலைத்தேன். மஞ்சள் பூப் பூக்கும் முள்புதர் ஒன்று பாதையோரமெல்லாம் இருக்கிறது. நம் சீமைக்கருவேலத்துக்குள் கைவிட்டுப் பழகியவன்கூட அதற்குள் கைவிடமாட்டான்.

ஜூபிலி கோர்ஸ் 1897-இல் பெண்களுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் என்று 12 ஹோலோடு ஆரம்பித்தது. இன்று ஊரில் இருப்பதிலேயே கடினம் அதுதான் என்கிறார்கள், நன்றாகக் கைவந்தவர்கள் மட்டும் போகலாம். ஈடன் 1914-இல் ஹாரி கோல்ட் வகுத்தது, கொஞ்சம் சாந்தமானது. 2008-இல் வந்த காசில் கோர்ஸ் ஊருக்கு வெளியே கடலோரப் பாறைமுகட்டில் இருக்கிறது. ஏற்ற இறக்கம் அதிகம், படம் எடுக்க அழகு. ஆனால் விவசாய நிலத்தை மேடு தள்ளிச் செய்தது. லிங்க்ஸ் ஆடப் போனவன் அதை ஏன் முதலில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

[காட்சி: சின்ன மைதானம். பிள்ளைகள்.]

பழக்கமே இல்லாதவர்களுக்கு பால்கோவ் இருக்கிறது. ஒன்பதே ஹோல், ஹேண்டிகேப் கேட்கமாட்டார்கள். அக்கா மகனை அங்கேதான் கூட்டிப் போனேன். அவன் முதல் அடியில் புல்லைப் பெயர்த்தான், இரண்டாவதில் காற்றை அடித்தான்.

அவன் என்னைப் பழிவாங்கியது இமயமலையில். ஆமாம், செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு இமயமலை உண்டு. மேடும் பள்ளமுமாக பந்தை உருட்டி மட்டும் ஆடும் ஒரு பெரிய பட்டிங் மைதானம், அதற்கு அந்தப் பட்டப்பெயர். 1867-இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்புடையது. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அடக்கமில்லை என்று கருதிய காலம் அது. ஓங்காமல் உருட்டி ஆடுங்கள் என்று ஓர் ஓரத்தை ஒதுக்கினார்கள், அவர்கள் அதையே ஊரின் செல்ல இடமாக்கிவிட்டார்கள். இப்போது சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம், மட்டையும் பந்தும் அவர்களே தருகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பையன் என்னைவிட நான்கு முறை குறைவாக அடித்து ஜெயித்தான்.

[காட்சி: வளைந்து வளைந்து ஓடும் ஓடை.]

அடுத்தது கார்னூஸ்டி. செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து டே ஆற்றுப் பாலத்தைக் கடந்து டண்டீ வழியாகப் போக வேண்டும். நம் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இருக்கிற தூரம்தான். இதுவும் ஊர்ப் பொது நிலம், மூன்று மைதானங்கள்: சாம்பியன்ஷிப், பர்ன்சைடு, பட்டன். குலுக்கல் இல்லை, முன்பதிவு செய்துவிட்டுப் போகலாம். சாம்பியன்ஷிப் மைதானத்துக்கு இரக்கமே கிடையாது. பாரி பர்ன் என்ற ஓடை கடைசி ஹோல்களில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து குறுக்கே வரும். 1999 ஓபனில், அதாவது பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியில், பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு வரும்போது மற்றவர்களைவிட மூன்று முறை குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தார். கோப்பையில் அவர் பெயரைப் பொறித்துவிடலாம் என்ற நிலை. பந்து ஓடைக்குள் போனது. ஷூவைக் கழற்றி, பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். நான்கில் முடிக்க வேண்டிய ஹோலை ஏழில் முடித்து, சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு ஓபனில் ஆடினார், 1953-இல். அது இங்கேதான், ஜெயித்தும் விட்டார்.

நான் பர்ன்சைடில் ஆடினேன். அதே மணல், அதே ஓடை, கட்டணம் வெகு குறைவு. நீளம் குறைவுதான், ஆனால் காற்று வீசும்போது அந்தக் குறை தெரியாது. கேஆர்பி அணைக்கரையில் சாயங்காலம் அடிக்கும் காற்றைத்தான் நான் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

[காட்சி: எடின்பரோ நகரம்.]

விமானம் ஏற எடின்பரோ வருகிறவர்களுக்கு ஒரு காலைப்பொழுது மிச்சமிருந்தால் மஸல்பரோ ஓல்டு லிங்க்ஸ் போகலாம். ஒன்பது ஹோல், குதிரைப் பந்தய ஓட்டப்பாதைக்கு நடுவே. கிண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது. 1672-இல் இங்கே ஆடியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது, 1874-க்கும் 1889-க்கும் இடையில் ஆறு ஓபன் நடந்திருக்கிறது. உலகம் முழுக்க கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அந்த அளவில் குழி வெட்டும் கருவி முதலில் புழங்கியது இங்கேதான். பழைய காலத்து மரத்தண்டு மட்டைகள் வாடகைக்குக் கிடைக்கும். ஒருமுறை அடித்துப் பாருங்கள், இப்போதைய மட்டை எவ்வளவு நம் தப்பை மறைக்கிறது என்று புரியும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கிறது, மதியம் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம்கூட ஒரு சுற்று முடிக்கலாம். குளிர்காலத்தில் கட்டணம் குறையும், ஆனால் ஓல்டு கோர்ஸில் சின்னப் பாய் ஒன்றைக் கையில் கொடுத்து அதன் மேல் பந்தை வைத்துத்தான் ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளியில், அடிக்கச் சொல்வார்கள், புல் சேதமாகாமல் இருக்க. செயின்ட் ஆண்ட்ரூஸில் ரயில் நிலையம் இல்லை. லூகர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மே மாதமானாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காசே செலவழிக்க மனமில்லை என்றாலும் வழி உண்டு. எடின்பரோ நகரத்துக்குள்ளேயே பிரன்ட்ஸ்ஃபீல்டு லிங்க்ஸ் என்று ஒரு பூங்கா. கோடையில் அங்கே குட்டைக் குட்டையாக 36 ஹோல் போட்டு வைக்கிறார்கள். நுழைவுச் சீட்டு இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. ஒரு மட்டையும் ஒரு பந்தும் கொண்டு போனால் போதும். பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்கள் மேல் பந்து படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அது பூங்காதான்.