பெரியவர்களுக்கென ஒரு பாட்டுச் சேனல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஎச்1 என்ற இசைத் தொலைக்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நடுத்தர வயதுக்காரர்களுக்காகத் தொடங்கிய சேனல் என்றுதான் அதைச் சொல்வார்கள். ஆனால் அது பிறந்ததற்கு உண்மையான காரணம், ஒரு போட்டியாளரை உள்ளே விடக்கூடாது என்பது.

1984-இல் அமெரிக்கக் கேபிளில் பாட்டு என்றால் எம்டிவிதான். அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். சிஎன்என்னைத் தொடங்கிய டெட் டர்னருக்கு அந்தப் பாட்டுக் காட்சிகள் பிடிக்கவில்லை. ஆபாசமும் அடிதடியும் அதிகம் என்று சொல்லி, சுத்தமான இசைச் சேனல் ஒன்றைத் தானே தரப்போவதாகக் கிளம்பினார். எம்டிவி சும்மா இருக்குமா? பெரியவர்களுக்காக இரண்டாவது சேனல் தொடங்குகிறோம் என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் கேபிள்காரர்களிடம் இருந்த இடம் குறைவு. ஒரே கம்பெனியின் இரண்டு இசைச் சேனல்கள் ஏறிவிட்டால் மூன்றாவது ஆளுக்கு இடம் ஏது? டர்னரின் சேனல் அக்டோபர் 26-ஆம் தேதி தொடங்கி ஐந்தே வாரத்தில் மூடப்பட்டது. எம்டிவியே சுமார் 10 லட்சம் டாலருக்கு அதை வாங்கிப்போட்டது. 1985 ஜனவரி 1 அன்று விஎச்1 வந்தது.

முதலில் காட்டியது மார்வின் கே பாடிய அமெரிக்க தேசிய கீதம். 1983-இல் ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால், வழக்கமான மிடுக்கை விட்டுவிட்டு, தாளப்பெட்டி ஒலிக்க நிதானமாகக் குழைந்து பாடியது அது. விஎச்1 தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. 1984 ஏப்ரலில் தந்தையே அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார். இறந்துபோன ஒரு பாடகரின் பழைய நிகழ்ச்சியோடு ஒரு புதுச் சேனல் தொடங்குகிறது. பின்னாளில் அது போகப்போகும் திசைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

தொகுப்பாளர்களை எங்கிருந்து பிடித்தார்கள் தெரியுமா? நம் ஆட்களிடமிருந்துதான், அதாவது வானொலியிலிருந்து. டான் ஐமஸ், ஸ்காட் ஷானன், பிராங்கி கிராக்கர் மூவரும் நியூயார்க் வானொலியில் கொடிகட்டிப் பறந்தவர்கள். பாட்டுகளும் அப்படித்தான், பெரியவர்களுக்கான பண்பலையில் ஓடும் மென்மையான பாட்டுகள். கேட்க இதமாக இருந்தன. ஆனால் டிவி முன்னால் உட்கார வைக்கும் வேகம் அவற்றில் இல்லை. வானொலியில் பாட்டு ஓடும்போது நீங்கள் காய் நறுக்கலாம், கார் ஓட்டலாம். டிவி கண்ணையும் கேட்கிறது. பாட்டுச் சேனலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: நாலு நிமிடத்துக்கு ஒரு முறை நேயருக்கு ரிமோட்டை அமுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. பிடிக்காத பாட்டு வந்தால் ஆள் போய்விடுவார். விளம்பரம் தருகிறவருக்கோ அரை மணி நேரம் நகராமல் இருக்கும் ஆள் வேண்டும்.

இதற்கு வழி கண்டது 1994-க்குப் பிறகுதான். ஜான் சைக்ஸ் தலைமைக்கு வந்தார். 1996-இல் 'பாப்-அப் வீடியோ' வந்தது. நீங்கள் நூறு முறை பார்த்த அதே பாட்டுதான். ஆனால் திரையில் 'பொளக்' என்று ஒரு குமிழி எழும்பும். இந்தக் காட்சியை எங்கே எடுத்தார்கள், பின்னால் ஆடுகிற பெண் யார், பாடகர் அன்று ஏன் கடுகடுப்பாக இருந்தார் என்று அதில் ஒரு வரி இருக்கும். படித்து முடிப்பதற்குள் அடுத்த குமிழி. கொஞ்சம் நக்கல், கொஞ்சம் வம்பு, கொஞ்சம் பொது அறிவு. பிடிக்காத பாட்டைக்கூட ஜனங்கள் கடைசிவரை பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு 'பிஹைண்ட் த மியூசிக்', பாடகர்களின் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் நிகழ்ச்சி. முதல் கதையே மில்லி வனில்லி என்ற இரட்டையர் குழு. அந்த இரண்டு இளைஞர்கள் 1990-இல் கிராமி விருது வாங்கியவர்கள். ஆல்பத்தில் ஒலித்தது அவர்கள் குரலே இல்லை என்று தெரிந்ததும் விருது பறிக்கப்பட்டது. ஊரே சிரித்த கதையை, மாட்டிக்கொண்டவர்களின் பக்கத்திலிருந்து சொன்னார்கள். நிகழ்ச்சி வந்த அடுத்த ஆண்டே இருவரில் ஒருவரான ராப் பிலாட்டஸ் இறந்துபோனார். அப்புறம் வந்த பல கதைகளும் ஒரே வார்ப்பு: ஏழ்மை, திடீர்ப் புகழ், போதை, சண்டை, கடைசியில் தெளிவு. விழப்போகும் இடத்தில் சரியாக விளம்பர இடைவேளை. வார்ப்பு தெரிந்தே பார்த்தார்கள். நாம் கூத்து பார்க்கவில்லையா?

என் கணக்கில் அந்தச் சேனலின் நல்ல காலம் இந்த நாலைந்து வருடம்தான். 1997-இல் அரசுப் பள்ளிகளுக்கு இசைக்கருவிகள் வாங்கித் தரும் அறக்கட்டளையையும் தொடங்கினார்கள். 1998-இல் நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் அரீதா பிராங்க்ளின், செலின் டியோன், மரையா கேரி, ஷனாயா ட்வெயின், குளோரியா எஸ்டெபான் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். அரீதா பாட ஆரம்பித்ததும் மற்றவர்கள் பக்கவாத்தியம் ஆகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? பாட்டைவிடப் பாட்டின் கதை ஓடியது. கதையைவிட அந்தக் காலத்தின் நினைவு ஓடியது. 2002-இல் எண்பதுகளைப் பற்றிய தொடர் வந்தது, அதில் பாட்டோடு பொம்மை, உடை, சினிமா எல்லாம் கலந்திருந்தன. பிறகு பழைய பிரபலங்களை ஒரு வீட்டில் அடைத்து வேடிக்கை பார்ப்பது நினைவைவிட நன்றாக ஓடியது. 2006-இல் ராப் பாடகர் பிளேவர் பிளேவுக்குக் காதலி தேடும் போட்டியே நடந்தது. ஒவ்வொரு அடியும் வியாபாரக் கணக்கில் சரிதான். அடுத்தடுத்து வைத்த அடிகளில் பாட்டு வெளியே போய்விட்டது.

பாட்டு கேட்க வந்த பெரியவர்களுக்காக 2000-இல் விஎச்1 கிளாசிக் என்று தனிச் சேனல் இருந்தது. 2016 ஆகஸ்ட் 1 அன்று அதற்கும் எம்டிவி கிளாசிக் என்று பெயர் மாறி, தொண்ணூறுகளின் பாட்டுகள் முன்னுக்கு வந்தன. 1985-இல் 30 வயதில் விஎச்1 பார்க்க உட்கார்ந்தவருக்கு அப்போது 61 வயது. அந்த வயதுக்காரரைத் தேடி எந்த விளம்பரதாரரும் அலைவதில்லை.

நன்றி, வணக்கம்.