மூன்று விளக்குகளும் இரண்டு தோழிகளும்

நேயர்களுக்கு வணக்கம். எலிசபெத் வெயின் எழுதி 2012இல் வெளிவந்த ‘கோட் நேம் வெரிட்டி’ என்ற இளையோர் நாவலைப் பற்றி இன்று பேசப்போகிறேன். காலம், இரண்டாம் உலகப் போர். மேடி விமானம் ஓட்டுபவள். ஜூலி பிரிட்டன் அனுப்பிய உளவாளி, பிரான்ஸில் நாஜி ஜெர்மனியின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் சிக்கிக்கொண்டவள். சிறையில் உட்கார்ந்து அவள் எழுதும் வாக்குமூலம்தான் நாவலின் முதல் பாதி. அதை ‘நான் கோழை’ என்றே தொடங்குகிறாள்.

எப்படிச் சிக்கினாள் தெரியுமா? தெருவைக் கடக்கும்போது தவறான பக்கம் பார்த்துவிட்டாள். பிரிட்டனில், நம் ஊரைப் போலவே, வண்டிகள் இடப்பக்கம் ஓடும். முதலில் வலப்பக்கம் பார்ப்போம். பிரான்ஸில் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் உடம்பில் ஊறிய பழக்கம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இருவரும் நெருங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்த இடம். அப்போது இருவருக்கும் ஒரே விமானத் தளத்தில் வேலை. வழி தவறிய ஜெர்மன் குண்டுவீச்சு விமானி ஒருவன் ரேடியோவில் உதவி கேட்கிறான். மேடிக்கு விமானத்தைத் தரையிறக்கும் முறை தெரியும், ஜெர்மன் தெரியாது. ஜூலிக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு, விமானம் தெரியாது. மேடி சொல்லச் சொல்ல ஜூலி அவன் மொழியில் பேசி, அவனைத் தங்கள் தளத்திலேயே இறங்க வைக்கிறாள். ‘உனக்காக உயிரைக் கொடுப்பேன்’ என்ற வசனம் எதுவும் அங்கே இல்லை. ஒருத்தியின் திறமையை இன்னொருத்தி நம்பி வேலை செய்கிறாள், அவ்வளவுதான். தங்களுக்கு எதற்கெல்லாம் பயம் என்பதையும் மறைக்காமல் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிறகு மேடி, விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுசேர்க்கும் துணைப்படையில் சேர்கிறாள். இது கற்பனையல்ல. உண்மையிலேயே அந்தப் படையில் 168 பெண் விமானிகள் இருந்தார்கள். பறக்கும்போது பேச ரேடியோ கிடையாது. வரைபடமும் கண்ணும்தான் துணை. ஆண்களுக்குச் சமமான சம்பளம் 1943இல் கிடைத்தது.

ஜூலியைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகும் ‘லைசாண்டர்’ சிறிய விமானம். விமானி ஒருவர்தான், ஓட்டுவதும் வழி பார்ப்பதும் அவரே. அதனால் நிலவொளி நிறைந்த இரவுகளில் மட்டுமே போவார்கள். அங்கே வயலில் காத்திருக்கும் கூட்டாளிகள் மூன்று டார்ச் விளக்குகளைத் தலைகீழ் ‘எல்’ வடிவில் வைப்பார்கள். முதல் விளக்கருகே சக்கரம் தரை தொட வேண்டும். காற்று வரும் திசையில் 150 மீட்டர் தள்ளி இரண்டாவது, அதற்கு வலப்பக்கம் 50 மீட்டரில் மூன்றாவது. அந்த இரண்டுக்கும் நடுவே திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து மறுபடி கிளம்ப வேண்டும். தரையிலிருந்து டார்ச்சில் குறுகியும் நீண்டும் மின்னிக் காட்டும் மோர்ஸ் குறியீட்டு எழுத்து முன்பே பேசிவைத்ததாக இல்லாவிட்டால் இறங்கவே கூடாது. மூடுபனி வந்தால் பயணம் வீண். சேற்றில் சக்கரம் புதைந்து எடுக்க முடியாவிட்டால், எதிரி கையில் சிக்காமல் விமானத்தைக் கொளுத்திவிட வேண்டியதுதான்.

வெயினே விமானம் ஓட்டத் தெரிந்தவர். அதனால்தான் மேடியின் துணிச்சல், கருவியைப் பார்க்கும் கண்ணிலும் நெம்புகோலை விடாத கையிலும் தெரிகிறது.

இரண்டாம் பாதியை எழுதுவது மேடி. முடிவை நான் சொல்லப்போவதில்லை. முதல் பாதியைப் படிக்கும்போது கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலி ஒரு பெயரையோ எண்ணையோ எழுதும் இடமெல்லாம் குறியிடுங்கள். மேடியின் பக்கங்களை முடித்த பிறகு, அந்தக் குறிகளுக்குத் திரும்பிப் போய், அந்தக் ‘கோழை’ எதையெல்லாம் சொல்லாமல் விட்டாள் என்று பாருங்கள்.