பேய்க் கவிதைகளைப் புத்தகமாகப் போடலாமா?

வணக்கம். இன்றைய முதல் கேள்வி ஈரோட்டிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. "பேய்களைப் பற்றி மட்டும் நாற்பது கவிதைகள் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் சிறுபிள்ளைத்தனம் என்கிறார்கள். இதைத் தொகுப்பாகப் போடலாமா? எப்படிப் போடுவது?"

தாராளமாகப் போடலாம் தங்கச்சி. வீட்டில் அப்படிச் சொன்னால் காரைக்கால் அம்மையாரைக் காட்டுங்கள். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியவர், கையெழுத்துப் போடுவதுபோலத் தன்னையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்டவர். வற்றிய மார்பு, எழும்பி நிற்கும் நரம்பு, குழிந்த வயிறு என்று அவர் ஒரு பெண்பேயைப் பாடும்போது நமக்குப் பயம் வருவதில்லை. அந்த உடம்பின் பசிதான் நம் வயிற்றில் ஏறுகிறது.

செயங்கொண்டாரையும் படியுங்கள். கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூட மறக்காமல் கூழ் ஊற்றுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்தப் பந்தி எனக்கு அலுக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நம்முடைய பேய் வெறும் புகை இல்லை, அதற்குப் பசி உண்டு, இருக்க ஓர் இடம் உண்டு. உங்கள் நாற்பதையும் எடுத்துவைத்து, இந்தப் பேய்க்கு என்ன வேண்டும், இது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாமல் வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் மட்டும் இருந்தால் அது சினிமாவிலிருந்து வந்தது. அதை ஒதுக்கிவிடுங்கள். இருபத்தைந்து மிஞ்சினாலும் நல்ல தொகுப்புதான்.

அப்புறம், இன்னொன்று. இதை யாரும் சொல்வதில்லை. ஊரில் பேய் என்று சொல்லப்படுகிறவள் பெரும்பாலும் நிஜமாகவே வாழ்ந்தவள். கிணற்றில் விழுந்தவளாக இருப்பாள், பிரசவத்தில் போனவளாக இருப்பாள். நான் எங்கள் ஊர்க் கிணற்றடியில் நிற்பதாகச் சொல்லப்பட்ட ஒருத்தியைப் பற்றிப் பெயரோடு எழுதி, ஒரு கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் வந்து, "அவ எங்கக்கா தம்பி" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அன்றைக்கே பெயரையும் கிணற்றையும் மாற்றினேன். அதன் பிறகுதான் அந்தக் கவிதையில் அவளே பேச ஆரம்பித்தாள். அதுவரை ஊர்தான் பேசிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கவிதை உங்களிடமும் இருந்தால், அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சரி, புத்தக வேலை. முதலில் நாலைந்து கவிதைகளைச் சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். காசு கேட்டு "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வருகிற பதிப்பாளரிடம் போகாதீர்கள். நான் போனேன். 500 பிரதி அடித்தார்கள், கட்டுக்கட்டாக என் வீட்டுப் பரணில்தான் கிடந்தன. இப்போது தேவைக்கேற்ப 50, 100 என்று அச்சிட்டுக்கொள்ளலாம். 16 பக்கம் ஒரு ஃபாரம். 64 பக்கம், அதாவது நாலு ஃபாரம், கவிதைக்குப் போதும். ஒரு பக்கத்தில் ஒரு கவிதைக்கு மேல் வேண்டாம். பேய்க்கு வெற்றிடம் வேண்டும். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும்போது சொற்களோடு வரி உடைகிற இடத்தையும் பாருங்கள், பக்கம் கட்டுகிறவர்கள் அதைத்தான் மாற்றிவிடுவார்கள்.

நீங்களே வெளியிட்டாலும் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வந்த 30 நாளுக்குள் நான்கு பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதில் ஒன்று சென்னை கன்னிமாரா. உங்கள் பேய்கள் அங்கே பத்திரமாக இருக்கும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் வாய்விட்டு வாசியுங்கள். எந்தக் கவிதையில் உங்கள் குரல் தானாகத் தணிகிறதோ, அதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போவோம்.